ஆடாதது

எல்கோ ஊரில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
வெண்டல் ஹாக்ஸ்ட்ராவின் கடையில்
ஒன்பது முக்காலிகள் நின்றன தலையில்லாமல்.
எதைப் பார்க்கப் போகிறாய் என்றார்.
ஆடு.
என்ன வேண்டும் என்றார்.
ஆடாதது.

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

நாற்பத்தாறு வயதில் வந்த நடுக்கம் இது.
குளிரில்லை, பயமில்லை, நீங்கள் நினைக்கும் குடியும் இல்லை.
காப்பிக் கோப்பை தட்டோடு பேசும்.
என் கையெழுத்தை வங்கியில் இரண்டு முறை திருப்பிவிட்டார்கள்.
போன அக்டோபரில் துப்பாக்கியை விற்றேன்.
இந்த ஆண்டு குலுக்கலில் என் தங்கை நெகானே பெயர் விழுந்தது,
பதினோரு ஆண்டு விண்ணப்பித்த பிறகு.
ஒரு சீட்டு, ஒரு பெருங்கொம்புக் கடா.
சுடுவது அவள்.
கண்டு சொல்வது நான்.

வெண்டல் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்.
இந்த வியாபாரத்தில் அது குற்றமில்லை.
கார்பன்தான் என்றார்.
அலுமினியம் பாதி விலை என்றேன்.
"கூடுகிற முக்கால் கிலோவை ஏழு மைல் ஏறிய பிறகு
உன் முதுகிடம் கேள், எது மலிவு என்று."
நடுத்தண்டு வைத்ததை ஓரம் தள்ளினார்:
கழுத்தை நீட்டினால் காற்று பிடித்துக்கொள்ளும்.
மடக்குப் பூட்டு கையுறையோடு திறக்கலாம், நல்லதுதான்,
ஆனால் விடியற்காலையில் அது 'டக்' என்னும்,
கடாவுக்குக் காது உண்டு.
பந்துத் தலை வேண்டாம்.
தளர்த்தினால் குடிகாரன் மேசையில் கவிழ்வதுபோல் கவிழும்.
எண்ணெய்த் தலை தேன் இறங்குவதுபோல் நகர்ந்தது.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்,
மறுபடி திருப்பி வைத்தேன்.

பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்குத் தூக்கிப் போனார்.
இரண்டு மைலுக்கு அப்பால் சரிவில்
மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி, அதில் வெள்ளை எண்கள்.
அறுபது மடங்கு பெரிதாக்கி,
முக்காலியின் காலை நகத்தால் சுண்டி, எண்ணச் சொன்னார்.
அலுமினியம் அடங்க ஒன்பது ஆனது.
கார்பன், நான்கு.
"இப்போது நீ பிடி."
பிடித்தேன்.
எண்கள் வலையில் விழுந்த மீன்களாகத் துள்ளின.
எதிரே லாரி ஒன்று பின்வாங்கிக் கூவிக்கொண்டிருந்தது.
"கையை எடு."
எடுத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு ஏழு ஒன்று என்று நின்றது தொட்டி.
ஏழின் அடியில் துரு ஒழுகியதுகூடத் தெரிந்தது.
"உன் கையை எதுவும் நிறுத்தாது, மைடே.
எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது,
அதற்குத்தான் காசு."

துப்பாக்கி விற்ற பணம் போதவில்லை.
நூற்றுப்பத்து டாலர் நெகானே போட்டாள்,
கணக்கில் எழுதிக்கொள் என்று.

ரூபி மலையில் மூன்றாம் நாள்.
மேற்குக் காற்று சேஜ் புதர்களைத் தலைமுடி பிடித்து இழுத்தது.
மேட்டுப் பக்கக் காலைக் குறுக்கி,
பள்ளத்துப் பக்கம் இரண்டையும் நீட்டி,
அடியில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டேன்.
நிற்கப் பயந்து உட்கார்ந்தே பார்த்தேன்.
ஒன்பதரை மணிக்குப் பாறை ஒன்று காதை அசைத்தது.

கையை எடுத்தேன். அக்குளில் சொருகிக்கொண்டேன்.
ஒன்று. இரண்டு.
நான்கு. ஆறு.
அடங்கவில்லை.
கொம்பு ஒன்றா இரண்டா என்றே தெரியவில்லை,
வளையத்தை எங்கே எண்ணுவது.
வெண்டலை அவர் பாட்டன்வரை திட்டினேன்.
பையை இன்னும் இறக்கினேன். திருகுகளைத் தடவினேன்.
எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

அப்புறம்தான் கீழே பார்த்தேன்.
பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த நெகானேயின் முழங்கை
முக்காலியின் ஒரு காலில் சாய்ந்திருந்தது.
இருபது ஆண்டு குதிரைக்கு லாடம் அடித்த கை.
நடுங்கியது,
என் கையைவிட நன்றாக.

சொல், சொல் என்கிறாள் மூச்சுக்குள்.

"கையை எடு," என்றேன்.

ஒன்று.
இரண்டு.
மூன்று.
கடா அசைபோட்டுக்கொண்டு
எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.